கோபுரத்தைக் காட்டிச் சொன்ன பெயர்

ஊசி போடும் முன் நோயாளியின் பெயரைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று விரல் விட்டு எண்ணிப் படித்து, பரீட்சையில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்படிப்பட்ட நான்தான் ஒருநாள் காலையில் பெயரையும் கேட்டு, கணவர் பெயரையும் கேட்டு, அதற்குப் பிறகு ஆள் மாற்றி இன்சுலின் போட்டேன்.

சிரிக்காதீர்கள். கேட்காமல் போட்டிருந்தால் அது சோம்பேறித்தனம், அதற்குப் பாடம் எதுவும் தேவையில்லை. நான் கேட்டேன். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் வார்டு ஒன்று, பெண்கள் வார்டு ஒன்று, பிரசவ அறை, ஆபரேஷன் அறை, ஒரே ஒரு டாக்டர். எனக்கு அப்போது வேலையில் ஐந்து வருட அனுபவம். கை நடுங்காது, ஊசி தப்பாது என்று என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் இருந்த காலம். அந்தக் காலம்தான் நமக்கு ஆபத்தான காலம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றைக்கு ஆடித்தபசு, கோமதி அம்மன் தவமிருக்கும் திருவிழா. ஊரே கோவிலைச் சுற்றித்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. தபசுக்குக் கிறிஸ்தவ நர்சுகள் நாங்கள் லீவு கேட்க மாட்டோம், கிறிஸ்துமசுக்கு மற்றவர்கள் எங்கள் டியூட்டியைப் பார்த்துக்கொள்வார்கள். இதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. ஆனால் இந்த நல்ல ஏற்பாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. வழக்கமாகப் பெண்கள் வார்டைப் பார்க்கும் நர்சு கோவிலுக்குப் போய்விட, மாதக்கணக்கில் ஆண்கள் வார்டிலேயே இருந்த நான் அன்று காலை அங்கே போய் நின்றேன். ஒரு முகமும் எனக்குப் பழக்கமில்லை.

பெண்கள் வார்டில் அன்று இரண்டு கோமதிகள். இதில் ஆச்சரியமில்லை. அம்மன் பெயர் கோமதி என்று இருக்கிற ஊரில், வாசலில் நின்று கோமதி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி புளியங்குடிக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், எலுமிச்சை வியாபாரியின் மனைவி. சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். தினமும் காலையில் இன்சுலின். இன்னொருத்தி கரிவலம்வந்தநல்லூர்க்காரி, இளவயசு, பருத்திக் காட்டில் கருவேல முள் ஏறி, பாதம் சீழ் வைத்து, அறுத்துக் கட்டியிருந்தது. அவளுக்குப் பென்சிலின். உங்களுக்குக் குழம்பக் கூடாது என்பதற்காகச் சீனிக் கோமதி, முள் கோமதி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இரண்டு பேருக்குமே காலில் பெரிய கட்டு.

ஜன்னல் ஓரத்துக் கட்டில் சீனிக் கோமதியுடையது என்று என் கையில் இருந்த மருந்துச் சீட்டு சொன்னது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் கோவில் கோபுரம் தெரியும். தபசு அன்று கோவிலுக்குப் போக முடியவில்லையே என்று முள் கோமதி முந்தின நாள் அழுதிருக்கிறாள். "ஏட்டி, அழாத. நீ இங்கன படு, நான் அங்கன படுக்கேன். கோபுரத்தயாவது பாத்துக் கும்பிட்டுக்கோ" என்று சீனிக் கோமதி தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காலை ஏழு மணி. மருந்துத் தட்டோடு ஜன்னல் ஓரம் போனேன். கட்டிலில் காலில் கட்டோடு ஒரு பெண், கோபுரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சீனிக் கோமதி அந்த நேரம் முகம் கழுவப் போயிருந்தாள்.

"கோமதிதான?" என்று கேட்டேன்.

"ஆமா சிஸ்டர்."

இந்த ஊரில் கோமதி என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் சீட்டைப் பார்த்து இன்னொரு கேள்வியும் கேட்டேன். "வீட்டுக்காரர் பேரு என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள் அந்தக் காலத்துப் பெண்கள். சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்று நினைப்பார்கள். நானும் இந்தச் சீமையிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு இது புதிதில்லை. காத்திருந்தேன். அவள் கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டினாள்.

"அந்தா கோபுரம் தெரியுதுல்லா? அந்தச் சாமி பேருதான்."

சீட்டில் பார்த்தேன். கணவர் பெயர் சங்கரபாண்டி. சாமி பெயர் சங்கரன். சரியாகப் போயிற்று என்று எனக்கு ஒரே திருப்தி. முள் கோமதியின் கணவர் பெயர் சங்கரநாராயணன் என்பதை அடுத்த சீட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கோமதி நிறைய இருக்கிற ஊரில் சங்கரனுக்கு மட்டும் பஞ்சமா? அந்த ஊரில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டு, அந்தப் பதிலை நம்பிய என்னை என்ன சொல்ல?

சட்டைக் கையை மேலே ஒதுக்கச் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"இன்னைக்குக் கையிலயா சிஸ்டர்?"

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நேற்று வரை இடுப்பில் போட்ட ஊசி இன்று ஏன் கையில் என்று அவள் என்னைக் கேட்டாள். கடவுளால் அதைவிட வெளிப்படையாக ஒரு எச்சரிக்கையை யாருக்கும் கொடுக்க முடியாது. நானோ, "ஆமா, கையக் காட்டுங்க" என்று சொல்லி இருபது யூனிட் இன்சுலினைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். நோயாளி "நேத்து இப்படி இல்லையே" என்று சொன்னால், மாத்திரையின் நிறமோ ஊசியின் இடமோ எதுவாக இருந்தாலும், கையை அப்படியே நிறுத்துங்கள். பத்தில் ஒன்பது முறை அவருக்குத்தான் தெரியாமல் இருக்கும். பத்தாவது முறைக்காகத்தான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது.

இரண்டு கட்டில் தள்ளிப் போயிருப்பேன். சீனிக் கோமதி நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், எனக்கு ஊசி போடலயா? எங்க வீட்ல இட்லி வாங்கி வச்சிருக்காவ. ஊசி போட்டாத்தான திங்க முடியும்?"

"நீங்க?"

"புளியங்குடி கோமதி. சீனிக்கு ஊசி போடுவாவல்லா?"

இவ்வளவு வருஷம் கழித்தும் அந்தக் கணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, காதுக்குள் ஒரு சத்தம், கையில் இருந்த தட்டு கனத்துப் போனது. பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பயப்படாத நர்சை நான் என் வார்டில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

பயத்தோடு பயமாக மூளை ஒரு வேலை செய்தது. சாதா இன்சுலின் அரை மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். இரண்டு மணியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் அதன் முழு பலம். அதற்கு மேலும் கொஞ்ச நேரம் இழுக்கும். சர்க்கரை வியாதி இல்லாத உடம்பில் அது இருக்கிற சர்க்கரையையும் உறிஞ்சிவிடும், மூளை பட்டினி கிடக்கும். முதலில் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. அப்புறம் பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கம். அதற்கு மேல் நான் நினைக்க விரும்பவில்லை. மாற்று மருந்து ஒன்றுதான், சர்க்கரை. அதுவும் அடுப்படியிலேயே இருக்கிறது. மருந்தியல் புத்தகத்தை மனப்பாடம் செய்வதற்குப் பலபேர் அலுத்துக்கொள்கிறீர்கள். ஊசி உள்ளே போன பிறகு அது எப்போது தொடங்கும், எப்போது உச்சத்துக்குப் போகும், எப்போது அடங்கும் என்று தெரிந்தவளுக்குத்தான் தப்புச் செய்த பிறகும் செய்வதற்கு வேலை இருக்கும். தெரியாதவள் அழத்தான் முடியும்.

டாக்டரும் பெரிய சிஸ்டரும் ஆபரேஷன் அறையில் இருந்தார்கள். ஒரு சிசேரியன். டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதி ஆயா செல்லத்தாயிடம் கொடுக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். "பெண்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு மயக்கம் வரும்போல் இருக்கிறது" என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். என்னவொரு சாமர்த்தியம்! யார் செய்தார்கள், என்ன செய்தார்கள் என்பதே அதில் இல்லை. அந்தச் சீட்டைப் பார்த்து டாக்டர் எந்த மருந்தைச் சொல்வார்? கிழித்துப் போட்டேன். "ஆள் மாற்றி நான் இன்சுலின் போட்டுவிட்டேன். இருபது யூனிட், காலை ஏழு மணி. சர்க்கரை வியாதி இல்லாதவர்" என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போனாலும் போகட்டும் என்ற வீரமெல்லாம் இல்லை. வேலை போய்விடுமே என்ற பயத்தோடுதான் எழுதினேன்.

செல்லத்தாய் ஓடினாள். நான் ஒரு பெரிய டம்ளரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு முள் கோமதியிடம் போனேன்.

"கோமதி, இதக் குடிங்க."

"ஐயையோ, நான் விரதம்லா சிஸ்டர். நேத்து ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. தபசு முடிஞ்ச பொறவுதான் எல்லாம்."

வெறும் வயிறு. முந்தின நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினால் விரதம் கலையாதே என்று கேட்பீர்கள். அந்த ஆஸ்பத்திரியில் அந்த வேலையை டாக்டர் மட்டும்தான் செய்வார். டாக்டரின் இரண்டு கையும் அப்போது இன்னொரு பெண்ணின் வயிற்றுக்குள் இருந்தன.

அப்போது நான் ஒரு பொய் சொன்னேன். "டாக்டர்தான் குடிக்கச் சொன்னாங்க."

"டாக்டர்ட்ட நேத்தே கேட்டாச்சு. இருந்துக்கோன்னு சொல்லிட்டாவ" என்றாள். பொய் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"உடம்புக்கு நல்லது. ஒரு வாய்தான்."

"வேண்டாம் சிஸ்டர். இது மூணாவது வருசம். ரெண்டு பிள்ள வயித்துலயே போச்சு. மூணு தபசுக்கு விரதம் இருக்கேன்னு அம்மாட்ட நேந்துருக்கேன். இன்னைக்கு ஒரு நாள்தான், முடிஞ்சிரும். உங்களக் கும்பிடுதேன், விட்டுருங்க."

கடிகாரத்தில் ஏழரை. அவள் நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. காலை நேரம், ஜன்னலில் காற்று வந்துகொண்டிருந்தது, அவளுக்கு மட்டும் வியர்த்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளால் சரியாக யோசிக்க முடியாது, அப்புறம் விழுங்கவும் முடியாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆகவே இப்போது குடித்தால்தான் உண்டு.

நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்சு நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்பார்கள், உட்கார்ந்தேன்.

"கோமதி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். இப்பப் போட்ட ஊசி உங்களுக்கு உள்ளது இல்ல. அந்த அக்காவுக்குப் போட வேண்டியத ஆள் தெரியாம உங்களுக்குப் போட்டுட்டேன். அது உங்க உடம்புல உள்ள சீனிய எடுத்துரும். இதக் குடிக்கலன்னா உயிருக்கு ஆபத்து. விரதத்தக் கெடுக்கது நான்தான், நீங்க இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். கோபமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. டம்ளரைத் தொடவில்லை. "மூணாவது வருசம் சிஸ்டர்" என்று மெல்லச் சொன்னாள். எனக்கு அப்போது அழுகை வந்தது. ஆனால் டம்ளரை அவள் முகத்துக்கு நேரே பிடித்தபடியே இருந்தேன்.

சீனிக் கோமதி பக்கத்துக் கட்டிலில் இருந்து எழுந்து வந்தாள். அவளுக்கு வர வேண்டிய ஊசி தவறிப் போனது, இட்லி ஆறிப் போனது, அதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது.

"ஏட்டி, குடி. கோவில்ல இருக்க அம்மா நம்ம பேருக்காரிதானட்டி. பொம்பள மனசு அவளுக்குத் தெரியாதா? நீ செத்துக் கெடந்தா அவ யாருக்குப் பிள்ள குடுப்பா?"

முள் கோமதி கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது, இதயம் படபடவென்று அடிக்கிறது என்றாள். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். செல்லத்தாய் திரும்பி வந்து, "சீனித்தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கணுமாம், குளுக்கோஸ் பாட்டில எடுத்து வைக்கணுமாம், டாக்டரு தையல் போட்டதும் வாராவளாம்" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். எட்டு மணிக்கு முன்பே டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். அவள் நன்றாகப் பேசினாள், அத்தோடு நான் விட்டுவிடவில்லை. மருந்தின் உச்சம் இனிமேல்தான். முதல் டம்ளரில் ஆள் தெளிந்துவிட்டதைப் பார்த்து ஏமாந்து போகிறவர்கள் உண்டு. கால் மணிக்கு ஒருதரம் நாடி பார்த்தேன், பேச்சுக் கொடுத்தேன், இட்லியும் கஞ்சியும் சாப்பிட வைத்தேன். சீனிக் கோமதிக்கு டாக்டரைக் கேட்டு அவள் ஊசியையும் போட்டேன். இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை.

டாக்டர் என்னைத் திட்டினாரா என்று கேட்பீர்கள். நன்றாகத் திட்டினார், வராந்தாவில் வைத்து, நாலு பேர் கேட்க. திட்டி முடித்துவிட்டு, "அந்தச் சீட்டில் மயக்கம் என்று மட்டும் எழுதியிருந்தால் நான் எல்லா வேலையையும் முடித்துவிட்டு நிதானமாக வந்திருப்பேன்" என்றார். கிழித்துப் போட்ட சீட்டைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். "கோமதிதான?" என்று கேட்டது முதல் தப்பு. பதிலை நாமே வாயில் ஊட்டிவிட்டு ஆமாவா என்று கேட்டால், மரியாதைக்காரர்கள் ஆமா என்றுதான் சொல்வார்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டது இரண்டாவது தப்பு. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களிடம் அப்பா பெயரைக் கேட்டுப் பாருங்கள், தலை நிமிர்ந்து சொல்வார்கள். அவளைக் கேட்டேன். "வேலாயுதம்" என்று அந்த அலுப்பிலும் கணீரென்று சொன்னாள். அன்றிலிருந்து என் வார்டில் பெயர், அப்பா பெயர், ஊர், என்னத்துக்கு வந்தீர்கள் என்ற நாலையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தேன். கட்டில் நம்பரை நான் கட்டிலுக்கு மட்டும்தான் நம்புவேன். அவளுக்குப் பின்னால் பிள்ளை பிறந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அவள் கணவர் வந்தார். மனைவியின் விரதத்துக்காகத் தபசு பார்த்துவிட்டு, கையில் கோவில் பிரசாதமான புற்றுமண் பொட்டலத்தோடு வந்தவர். விரதம் கலைந்தது அவருக்குத் தெரியாது. வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஆள் மாத்தி ஊசி போடுவியளா? எம் பொண்டாட்டி உசுரு என்ன வெளையாட்டுச் சாமானா? மூணு வருச நேத்திக்கடன், அதுவும் போச்சு."

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி" என்றேன்.

அவளுக்கு மாலைப் பென்சிலின் போட வேண்டிய நேரம். பெரிய சிஸ்டர் மருந்துத் தட்டோடு வந்து நின்றார். கணவர் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இந்தம்மா இனி இவ பக்கத்துல வரக் கூடாது. நீங்களே போடுங்க, இல்லன்னா இப்பவே வண்டி பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார். நான் நகர்ந்தேன். அதுதான் நியாயம் என்று எனக்கே பட்டது.

படுத்திருந்தவள் தலையைத் தூக்கினாள். "அவுகளே போடட்டும்."

"ஏட்டி, நீ சும்மா கெட. காலையில உன்னக் கொல்லப் பாத்தது அவதான்."

"அவுகதான். அதனாலதான் அவுகளே போடட்டும்ங்கேன். தப்புப் பண்ணிட்டேன்னு அவுக வாயத் தொறந்து எங்கிட்டச் சொன்னாவ. மத்தவுக பண்ணுனா நமக்குத் தெரியவா போவுது?"

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரிய சிஸ்டர் தட்டை என் கையில் கொடுத்தார். கணவர் எழுந்து, ஸ்டூலை ஓரமாக நகர்த்தி எனக்கு வழி விட்டார்.